அழுத்தம் தாழ்ந்தால் கட்டணம் ஏறுமா?

மாலை வேளையில் மின்சார அழுத்தம் தாழ்ந்து விளக்குகள் மங்கும்போதெல்லாம், "வோல்டேஜ் குறைந்தால் கரண்டை அதிகமாக இழுக்கும், மீட்டர் வேகமாக ஓடும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை ஆமோதிக்க, இருவரில் எவரும் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சிரத்தை கொள்ளாமலே இந்த அபிப்பிராயம் வீட்டுக்கு வீடு பரவி வருகிறது. பௌதிகம் பயின்று பரீட்சையில் தேறியவர்களே இதைச் சொல்லும்போது பொறுமை காப்பது கடினமாக இருக்கிறது.

ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதியின்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது தடை. ஹீட்டர் போன்ற சாதனத்தில் அவ்விரண்டையும் பெருக்கினால் வருவது திறன். வாளித் தண்ணீரைக் காய்ச்சும் 1000 வாட் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதில் ஓடுவது ஏறக்குறைய 4.35 ஆம்பியர், ஆகவே அதன் தடை சுமார் 53 ஓம். அழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தாலும், உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை ஏறத்தாழ அப்படியே இருப்பதால், ஓட்டம் 3.4 ஆம்பியராகக் குறைகிறது. திறனோ 612 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. இழுப்பது எங்கே அதிகமாயிற்று? தண்ணீர் காய நேரம் கூடுவதும், அந்த நேரத்தில் சிறிது உஷ்ணம் காற்றில் வீணாவதும் மெய்யே. ஆனால் மீட்டர் அப்போது மெதுவாகத்தான் ஓடுகிறது.

இந்த வதந்தி முளைத்த இடம் மோட்டார். சுமையோடு ஓடும் பம்பு, கிரைண்டர் முதலியவற்றின் மோட்டார்கள், அழுத்தம் குறைந்தாலும் அதே வேலையைச் செய்ய முயல்வதால், அதிக ஆம்பியரை வாங்குகின்றன என்பது வாஸ்தவம். ஆயினும் மீட்டர் கணக்கிடுவது ஆம்பியரை அன்று. வாட்டையும் நேரத்தையும் சேர்த்தே. 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். சுருளில் வீணாகும் உஷ்ணத்தால் செலவு கொஞ்சம் கூடலாம். அதைவிடப் பெரிய அபாயம் அந்த உஷ்ணத்தால் சுருளே கருகிப்போவதுதான். கட்டணத்தை எண்ணிக் கவலைப்படுகிறவர், அழுத்தம் தாழ்ந்த வேளையில் பம்பை நிறுத்தி வைக்கவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்!

வாட் மிகுந்த பல்புக்குத் தடையும் மிகுதி என்பது மற்றொரு தவறு. 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம். 40 வாட் பல்புக்கோ 1322. அணைந்து குளிர்ந்த பல்பை மல்டிமீட்டரால் அளந்து கணக்கே பொய் என்பாரும் உண்டு; டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கையில் அதன் தடை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் எந்தச் சாதனத்துக்கும் வாட் கிடைக்கும் என்பதும் சரியன்று: 2 ஆம்பியர் வாங்கும் மோட்டாரின் திறன் காரணி, அதாவது அப்பெருக்கத்தில் மெய்யாகச் செலவாகும் பங்கு, 0.7 ஆனால், 230 வோல்ட்டில் அதன் செலவு 460 வாட் அன்று, 322 வாட்டே.

இவ்வளவு எளிய கணக்கு ஜனங்களுக்கு எட்டாதிருப்பதன் காரணம், சூத்திரத்தை மனப்பாடம் செய்வித்துவிட்டு அம்மீட்டரை அலமாரியில் பூட்டிவைக்கும் நமது கல்வி முறைதான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆசிரியர்களே, அலமாரியைத் திறவுங்கள்; இரண்டு டார்ச் செல்களையும் ஒரு சிறு பல்பையும் ஒவ்வொரு மாணவன், மாணவியின் கையிலும் கொடுத்து, அவர்களே அளந்து வகுக்கவும் பெருக்கவும் விடுங்கள்.