தேர்வறையில் எண்ணும் சொல்லும்

நுழையும்முன்

கல்லூரியின் இறுதியாண்டில் வேலைவாய்ப்பு முகாமுக்குச் செல்லும் மாணவர் முதலில் எதிர்கொள்வது நேர்காணலை அன்று. திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திறனறித் தேர்வையே. மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் பல, இத்தேர்வில் தேறியவர்களையே அடுத்த கட்டத்திற்கு அழைக்கின்றன. அத்தேர்வு எதனைச் சோதிக்கிறது, அதற்கு ஆயத்தமாவது எவ்வாறு, தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு அப்பயிற்சி எங்கே கைகொடுக்கிறது என்பனவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு வினா

ஒரு நிறுவனத்தின் விற்பனை சென்ற ஆண்டு 400 கோடி ரூபாய். இவ்வாண்டு 500 கோடி ரூபாய். விற்பனையில் இலாபத்தின் பங்கு சென்ற ஆண்டு 15 விழுக்காடு. இவ்வாண்டு 12 விழுக்காடு. நிறுவனத்தின் இலாபம் என்ன ஆயிற்று? ‘உயர்ந்தது’, ‘குறைந்தது’, ‘மாறவில்லை’, ‘கூற இயலாது’ என நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன.

விரைந்து படிப்பவரின் கண் 15 என்னும் எண்ணிலிருந்து 12 என்னும் எண்ணுக்குத் தாவும். கை ‘குறைந்தது’ என்பதைத் தொடும். ஆயின் 400 கோடியில் 15 விழுக்காடு 60 கோடி. 500 கோடியில் 12 விழுக்காடும் 60 கோடியே. இலாபம் மாறவில்லை. இதற்கு வேண்டிய கணிதம் எட்டாம் வகுப்பு மாணவரும் அறிந்ததே. எனினும், பட்டம் பெற்றவர்களும் இவ்வினாவில் தவறுவதுண்டு. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. எதன் விழுக்காடு என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை.

ஆலோசனை நிறுவனங்கள் இத்தகைய வினாக்களைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிற நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தங்கள் சிக்கல்களை ஆராய்ந்து வழிகூறுமாறு இந்நிறுவனங்களை அமர்த்துகின்றன. பணியில் சேரும் இளைஞரின் மேசைக்கு முதல் வாரத்திலேயே அட்டவணைகள் வந்துசேரும். மேற்கண்ட எண்களைப் பிழையாகப் படித்து ‘இலாபம் வீழ்ந்தது’ என அவர் அறிக்கை எழுதினால், அதனை நம்பி ஒரு கிளை மூடப்படலாம். அங்குப் பணிபுரிவோர் வேலையிழக்கலாம். தேர்வறையில் ஒரு மதிப்பெண்ணோடு முடியும் பிழை, அலுவலகத்தில் அவ்வாறு முடிவதில்லை.

பிறவி அறிவா, பழக்கமா?

கல்வி உளவியல் நூல்கள் இத்தேர்வை நாட்டச் சோதனை என்றும் வழங்கும். இதன் வரலாற்றில் ஒரு தவறான எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1905ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆல்பிரெட் பினே, தியோடர் சிமோனுடன் இணைந்து ஒரு சோதனையை வகுத்தார். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். அறிவுத்திறன் பயிற்சியால் வளரத்தக்கது என்பதே பினேயின் கருத்து. அவருக்குப் பின் வந்தோர் சிலர் அக்கருத்தை விட்டுவிட்டு, பிறவியிலேயே அமைந்த அறிவை அளக்கும் கோலாகச் சோதனையைக் கருதினர்.

முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 17 இலட்சம் வீரர்கள் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தோர்க்கு ‘ஆல்பா’ என ஒன்றும், படிக்க இயலாதோர்க்குப் படங்களால் அமைந்த ‘பீட்டா’ என ஒன்றும் வகுக்கப்பட்டன. மொழியறியாமை வேறு, அறிவின்மை வேறு என்பது அன்றே ஒருவாறு உணரப்பட்டிருந்தது எனலாம். ஆயினும் அச்சோதனைகளின் முடிவுகளைக் கொண்டு, சில இனத்தார் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று கார்ல் பிரிகாம் என்னும் உளவியலாளர் 1923இல் ஒரு நூல் எழுதினார். 1930இல் அவரே அம்முடிவுகள் ஆதாரமற்றவை என அறிவித்துத் தம் கூற்றைத் திரும்பப் பெற்றார். கல்லூரிச் சேர்க்கைக்காக அவர் தலைமையில் உருவான ‘சாட்’ தேர்வு முதன்முதலில் நடந்தது 1926இல். சிகாகோவில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி தம் பெயரால் ஆலோசனை நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இவ்வரலாற்றை அறிவது மாணவர்க்கு நேரடியாகப் பயன்படும். முதல் மாதிரித் தேர்வில் பாதி வினாக்களுக்கும் விடையளிக்க இயலாத மாணவி, ‘எனக்கு இதற்குரிய மூளை இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவராயின் அவ்வெண்ணம் இன்னும் விரைவில் வந்துவிடும். அத்தேர்வை உருவாக்கியவர்களுள் ஒருவரே கைவிட்ட கருத்தை அவர் தம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய தேவையில்லை.

உம்மையும் ஏகாரமும்

திறனறித் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. தமிழ்வழியில் பயின்றோர் இடறும் இடங்களை நோக்கினால், அருஞ்சொற்கள் அவர்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ‘குறைந்தது’, ‘மிகாமல்’, ‘தவிர’, ‘மட்டும்’, ‘முறையே’ எனப் பொருள்படும் சின்னஞ்சிறு ஆங்கிலச் சொற்களே வினாவின் திசையைத் திருப்பிவிடுகின்றன. இவ்விடத்தில் நன்னூல் கற்றவர்க்கு ஒரு வசதி உண்டு.

‘சேலம் கிளை நட்டமடைந்தது.’ இது ஒரு செய்தி. ‘சேலம் கிளையும் நட்டமடைந்தது’ என்றால், வேறொரு கிளையும் நட்டமடைந்துள்ளது என்பது எச்சவும்மையால் பெறப்படும். ‘மூன்று கிளைகளும் நட்டமடைந்தன’ என்பதில் உள்ளது முற்றும்மை. இலாபம் ஈட்டிய கிளை அம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. ‘சேலம் கிளையே நட்டமடைந்தது’ என்பதில் பிரிநிலை ஏகாரம் மற்றக் கிளைகளை விலக்கிவிடுகிறது. ஓர் இடைச்சொல் மாறியதும் நிறுவனத்தின் நிலையே மாறிவிட்டது. தமிழில் இடைச்சொல் சுமக்கும் இப்பொருளை ஆங்கிலம் தனித்தனிச் சொற்களால் சுமக்கிறது. தேர்வுத்தாளில் அச்சொற்களைக் கண்டவுடன் ‘இது எந்த உம்மை?’ என்று தமக்குள் கேட்டுக்கொள்பவர் எளிதில் ஏமாறார். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பகுதி என இடைச்சொல்லியலைக் கருதுவோர் இங்குச் சற்றே நிற்கலாம்.

‘சில’ என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘சில ஊழியர்கள் பயிற்சி பெற்றனர்’ என்று வழக்கில் கூறினால், ஏனையோர் பெறவில்லை என்று கொள்வோம். தருக்க வினாவில் அவ்வாறு கொள்ளுதல் பிழை. சிலர் பெற்றனர் என்பது மட்டுமே அங்கு உறுதி. அனைவரும் பெற்றிருக்கவும் கூடும்.

அறிந்தவர் தவறும் இடம்

பத்தி ஒன்றைத் தந்து, அதன்கீழ் உள்ள கூற்று ‘சரி’, ‘தவறு’, ‘கூற இயலாது’ என்பனவற்றுள் எது எனக் கேட்கும் வினாவகை பரவலாக உள்ளது. ‘ஐந்தாண்டுகளில் மருத்துவமனைக்கு வரும் வெளிநோயாளிகள் எண்ணிக்கை உயர்ந்துள்ளது. அக்காலத்தில் செவிலியர் எண்ணிக்கை மாறவில்லை’ என்பது பத்தி. ‘நோயாளிகள் காத்திருக்கும் நேரம் கூடியுள்ளது’ என்பது கூற்று.

மருத்துவமனையில் வரிசையில் நின்ற பட்டறிவு உடையவர் ‘சரி’ என்றே கூறுவார். விடையோ ‘கூற இயலாது’ என்பது. காத்திருக்கும் நேரம் பற்றிப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. மருத்துவர்கள் கூடியிருக்கலாம், பதிவுமுறை கணினிமயமாகியிருக்கலாம். உலகறிவு மிக்கவர் அவ்வறிவினாலேயே தவறும் வினா இது. தம் அறிவைச் சிறிது நேரம் வாயிலில் நிறுத்திவைத்துவிட்டு, எழுதப்பட்டதை மட்டும் படிப்பது பெரும்பாலோர்க்கு எளிதன்று. நாள்தோறும் செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து, அது கூறுவது எது, படிப்பவர் சேர்த்துக்கொள்வது எது எனப் பிரித்து எழுதிவந்தால் ஒரு மாதத்தில் வேறுபாடு தெரியும்.

அரைக்காலும் விழுக்காடும்

கணிப்பான் இல்லாமலே விடை காண வேண்டிய தேர்வுகளும் உண்டு. 48.7 கோடி ரூபாய் விற்பனையில் இலாபம் 11.9 விழுக்காடு எனில், அதன் தொகை யாது? 4.1, 5.8, 7.3, 9.6 கோடி எனத் தரப்பட்ட விடைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. இங்குத் தாளில் நெடும்பெருக்கல் செய்பவர் நேரத்தை இழப்பார். 12.5 விழுக்காடு என்பது எட்டில் ஒரு பங்கு. 48ஐ எட்டால் வகுத்தால் 6. கேட்கப்பட்டது அதனினும் சற்றுக் குறைவு, எனவே 5.8.

எட்டில் ஒன்றைத் தமிழர் அரைக்கால் என்றனர். பதினாறில் ஒன்று மாகாணி. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இவற்றை விழுக்காடாக எழுதினால் முறையே 12.5, 6.25, 5, 1.25 ஆகும். திண்ணைப் பள்ளி மாணவர்கள் எண்சுவடியை ஓதி மனத்தில் நிறுத்திய பின்னங்கள் இவை. அப்பெயர்களை மீண்டும் ஓதவேண்டும் என்பதன்று. பின்னமும் விழுக்காடும் ஒன்றையொன்று கண்டவுடன் நினைவூட்டும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

விழுக்காட்டில் மேலும் இரு கண்ணிகள் உள்ளன. ஒரு பொருளின் விலை 20 விழுக்காடு ஏறிப் பின் 20 விழுக்காடு இறங்கினால் பழைய விலைக்குத் திரும்பாது. 100 ரூபாய் 120 ஆகி, 96இல் நிற்கும். வட்டி விகிதம் 8 விழுக்காட்டிலிருந்து 10 ஆனால், உயர்வு 2 விழுக்காட்டுப் புள்ளிகள்; விகிதத்தின் வளர்ச்சியோ 25 விழுக்காடு.

தேர்வைக் கடந்து நேர்காணலுக்குச் சென்றவரிடம், ‘பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரில் நாளொன்றுக்குக் கடைகளில் எத்தனை குவளைத் தேநீர் விற்கும்?’ என்று கேட்பதுண்டு. சிறுவரையும் முதியவரையும் நீக்கி ஆறு இலட்சம் பேர் எனக் கொள்ளலாம். அவருள் மூன்றில் ஒருவர் கடையில் அருந்துவதாகவும், ஒருவர் இருமுறை அருந்துவதாகவும் கொண்டால் நான்கு இலட்சம் குவளை. இத்துடன் நிறுத்தாமல் மறுபக்கமிருந்தும் சரிபார்ப்பவரே மதிப்புப் பெறுவார். கடை ஒன்று 400 குவளை விற்றால் ஆயிரம் கடைகள் வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரு கடை. நகரத் தெருக்களைக் கண்டவர்க்கு இது பொருந்தாத எண்ணாகத் தோன்றாது. கேட்பவர் அந்த எண்ணைவிட, அதனை அடைந்த வழியையே நோக்குகிறார்.

தெரியுமா?

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் தமிழ்க் கணித நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை மதிப்பிடும் வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 எனில் சுளை 120 ஆகும்.

நேரமும் ஊகமும்

மெக்கின்சி நிறுவனம் முன்பு தாளில் நடத்திய தேர்வில் 60 நிமிடங்களில் 26 வினாக்கள் இடம்பெற்றன. வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 138 வினாடிகள். அதற்குள் அட்டவணையையும் படித்தாக வேண்டும். எனவே எதனை விடுவது என்று முடிவுசெய்வதும் தேர்வின் ஒரு பகுதியாகும். பள்ளித் தேர்வில் ஒரு வினாவையும் விடாமல் எழுதிப் பழகிய நல்ல மாணவர்க்கே இது கடினம்.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறுக்கு 1 மதிப்பெண் குறைப்பு எனக் கொள்வோம். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால், நான்கு முறைக்கு ஒருமுறை 3 கிடைக்கும், மூன்று முறை ஒவ்வொன்று போகும், மிச்சம் சுழியம். ஒரு விடையைத் தவறென உறுதியாக விலக்கிவிட்டால், மூன்று முறைக்கு 3 வரவு, 2 செலவு, 1 மிஞ்சும். ஊகம் எப்போது தகும் என்பதை அச்சமோ துணிச்சலோ முடிவு செய்யக்கூடாது. விதிமுறையைப் படித்துக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

பிழைக் குறிப்பேடு

சுருக்கு வழிகள் நிரம்பிய தடித்த நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வினாவைப் படிப்பதற்கு முன்பே விடைக்கு ஓடக் கற்றுக்கொடுப்பவை. அவற்றை நூறு பக்கம் படிப்பதினும், பழைய மாதிரித் தாள் ஒன்றை நேரம் பாராமல் முழுவதும் செய்து, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் காரணம் எழுதுவது பயனுடையது. வழிமுறை தெரியவில்லையா, வினாவைத் தவறாகப் படித்தாயிற்றா, தெரிந்தும் அவசரத்தால் கைதவறியதா? இம்மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. முதலாவதற்குப் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவதற்கு வினாவைத் தம் சொற்களில் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதினாலும் தாழ்வில்லை. மூன்றாவது மட்டுமே கடிகாரத்தோடு பழகுவதால் தீரும். பலர் மூன்றுக்கும் கடிகாரத்தையே மருந்தாகக் கொண்டு, பிழைகளை விரைவாகச் செய்யப் பழகிவிடுகின்றனர்.

தேர்வின் வடிவமும் மாறிவருகிறது. மேற்கூறிய தாள்தேர்வின் இடத்தை இன்று கணினி விளையாட்டுப் போன்ற ஒரு சோதனை பெற்றுள்ளது. அதில் முன்பு இடம்பெற்ற ஒரு பகுதி, ஒன்றையொன்று உண்டு வாழும் தாவர விலங்கினங்களைத் தேர்ந்து, எதுவும் அழியாத ஓர் உணவுத் தொடரை அமைக்கச் சொன்னது. எந்த உயிர் எதனை உண்ணும், எவ்வளவு உண்ணும், எச்சூழலில் வாழும் என்பன அனைத்தும் திரையிலேயே எழுதப்பட்டிருந்தன. கணினி விளையாட்டில் தேர்ந்தவர்க்கு அங்குத் தனிச் சலுகை இல்லை. ‘தவிர’ என்னும் சொல்லைத் தவறவிடாதவர்க்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. நாளிதழின் வணிகப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, ‘சரி’, ‘தவறு’, ‘கூற இயலாது’ என விடை அமையுமாறு மூன்று கூற்றுகளை உருவாக்கி, வகுப்புத் தோழரிடம் கொடுத்து விடை பெறுக.

2. உங்கள் ஊரில் ஒரு நாளில் விற்பனையாகும் பாலின் அளவை மதிப்பிடுக. பின்னர் மற்றொரு வழியில் கணக்கிட்டு, இரு விடைகளும் வேறுபடின் காரணம் காண்க.