திரையும் கண்ணும்

மாலையில் பல வீடுகளில் நாம் காணும் காட்சி இது. பிள்ளை பாயில் குப்புறப் படுத்தபடி கைத்தொலைபேசியில் பாடம் வாசிக்கிறது. திரை மூக்கைத் தொடுமளவுக்குக் கிட்ட இருக்கிறது. அறையில் வேறு வெளிச்சம் இல்லை. சற்று நேரத்தில் பிள்ளை கண்ணைக் கசக்கி, "தலை இடிக்குது அம்மா" என்கிறது. "எந்த நேரமும் போனோடை இருந்தால் கண் பழுதாகத்தான் போகும்" என்று தாய் ஏசுகிறார்.

தாயின் கவலை நியாயமானது. ஆனால் தொலைபேசியைப் பறித்து வைப்பதும் இலகுவல்ல. 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் குறிப்புகளைப் படம் பிடித்துத் தொலைபேசிக்கு அனுப்பும் வழக்கம் எமது கிராமங்களுக்கும் வந்தது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்குத் தூரத்து உறவினரின் செய்தி வருவதும், காணிப் பத்திரத்தின் பிரதி வருவதும் அந்தச் சிறு திரையில்தான். ஆகவே கண்ணுக்கு நோவில்லாமல் திரையில் வாசிப்பது எப்படி என்று நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண் ஏன் களைக்கிறது?

முதற் காரணம் தூரம். வயல் வரம்பில் நின்று தூரத்தே பார்க்கும்போது கண்ணின் உள்தசை ஓய்வாக இருக்கிறது. கிட்டப் பார்க்கும்போது அத்தசை இறுகிக் கண்வில்லையைத் தடிப்பாக்குகிறது. ஒரு முழத் தூரத்தில் வாசிப்பதிலும் பார்க்க அரை முழத்தில் வாசிக்கும்போது கண்ணுக்கு இரண்டு மடங்கு வேலை. மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தபடி மணிக்கணக்காக நின்றால் கை விறைக்காதா? கண்ணுக்கும் அப்படித்தான்.

இரண்டாவது காரணம் இமை. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 தடவை அளவில் இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் கண்ணின் மேல் கண்ணீரைப் பூசிவிடுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. கண் காய்ந்து, அரித்து, எரிகிறது. எழுத்து மங்குகிறது. அடுப்புப் புகையும் மின்விசிறிக் காற்றும் இதனைக் கூட்டும்.

மூன்றாவது காரணம் வெளிச்சம். இருட்டறையில் பளிச்சென்ற திரையும், வெயிலில் மங்கிய திரையும் கண்ணுக்கு ஒரேயளவு தொல்லை.

இவற்றால் வரும் களைப்பு கண்ணைக் குருடாக்குவதில்லை. ஓய்வு கொடுத்தால் மாறிவிடும். இதனை அறிந்தால் வீண் பயம் குறையும்.

எல்லாத் திரைகளும் ஒன்றல்ல

எல்.சி.டி. திரை: விலை குறைந்த தொலைபேசிகளிலும், பெரும்பாலான கணனிகளிலும், தட்டையான தொலைக்காட்சிகளிலும் இருப்பது இதுதான். திரைக்குப் பின்னால் விளக்கொன்று எரிகிறது. முன்னாலுள்ள நுண்ணிய புள்ளிகள் வாய்க்கால் மடைபோலத் திறந்தும் மூடியும் அவ்வொளியை விடுகின்றன. கறுப்பாகத் தெரியும் இடத்திலும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் சாதாரண மின்குமிழ் எரியும் அறையில் இதில் வாசிப்பது நல்லது.

ஓ.எல்.இ.டி. திரை: விலை கூடிய தொலைபேசிகளில் காணப்படுவது. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடுகிறது. எழுத்து மிகத் தெளிவாக இருக்கும். ஆயினும் ஒளியைக் குறைக்கும்போது இத்திரைகளிற் பல, விநாடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரிந்தே மங்கலாகத் தெரிகின்றன. கண் அதைக் காணாது. ஆனாலும் சிலருக்குத் தலையிடி வருகிறது. அப்படியானவர்கள் திரையொளியை மிகவும் தாழ்த்தாமல், அறையின் வெளிச்சத்தைக் கூட்டி வாசிக்க வேண்டும்.

மின்மைத் திரை: புத்தகம் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளில் உள்ளது. 2007இல் வந்த கிண்டில் இவ்வகையில் பெயர்பெற்றது. இத்திரைக்குள் மிக நுண்ணிய உறைகளில் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் இருக்கின்றன. மின்னேற்றம் அவற்றை மேலும் கீழுமாக நகர்த்தி எழுத்தை உண்டாக்குகிறது. பக்கம் மாறும் வரை எழுத்து மின்சாரமின்றியே நிற்கும். இத்திரை தானாக ஒளிர்வதில்லை. கடதாசியைப் போல, வெளியில் இருந்து விழும் ஒளியையே திருப்புகிறது. ஆகவே நல்ல வெயிலிலும் தெளிவாக வாசிக்கலாம். இரவில் விளக்கோ, சில கருவிகளில் உள்ள முன்னொளியோ வேண்டும். இக்கருவி விலை கூடியது, எமது வீடுகளில் அரிது. ஆனால் அதன் நன்மையைச் செலவின்றிப் பெற ஒரு வழி உண்டு. குறிப்பைத் தொலைபேசியில் ஒருமுறை பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, மீண்டும் மீண்டும் படிப்பதைக் கொப்பியில் படிப்பதே அது.

தமிழ் எழுத்துக்கு ஒரு கவனம்

எமது எழுத்தில் புள்ளியும் கொம்பும் சுழியும் உண்டு. எழுத்து சிறிதானால் முதலில் மறைவது புள்ளி. "ல", "ல்" ஆகிய இரண்டையும் பிரித்தறியக் கண் பாடுபடும். தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். படமாக வந்த குறிப்பென்றால் தொலைபேசியைப் பக்கவாட்டில் திருப்பி, பெரிதாக்கி வாசியுங்கள்.

பகலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் பெரும்பாலோருக்கு இலகு. கறுப்புப் பின்னணி இரவில் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் சிலருக்கு அதில் வெள்ளை எழுத்துப் படர்ந்து தெரியும். அவர்கள் அதனை விட்டுவிடலாம்.

நீலக் கண்ணாடி வாங்கலாமா?

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடைகளில் விற்கிறார்கள். இதுபற்றி நடந்த 17 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த மீளாய்வு 2023இல் வெளிவந்தது. குறுகிய காலத்தில், சாதாரணக் கண்ணாடியை விட இக்கண்ணாடி கண்களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மின்குமிழ் வாங்குவது மேல். ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் பளிச்சென்ற திரையைப் பார்த்தால் உறக்கம் பிந்தும். ஆகவே அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே தொலைபேசியை வைத்துவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு வெளி வெளிச்சம்

சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பாடசாலைகளின் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில், வழமைபோல் இருந்த பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விடப்பட்டவர்களில் அது 30 பேரளவில் நின்றது. இம்முடிவு 2015இல் வெளியானது. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் ஒளிதான் இருக்கும். வெளியிலோ பத்தாயிரத்துக்கும் மேல். நெருக்கமான கொட்டில்களில் வாழ்ந்தாலும் பிள்ளையைப் பகலில் முற்றத்திலும் தோட்டத்திலும் விடுவோம். அது செலவில்லாத மருந்து.

திரையின் மேல் பழி போடமுன்

இதுவே இப்பாடத்தின் முக்கிய பகுதி. கண்ணில் வரும் எல்லாக் குறைக்கும் திரையே காரணம் என்று எண்ணினால் உண்மையான காரணத்தைத் தவறவிடுவோம்.

பிள்ளை திரையைக் கிட்டப் பிடிப்பது கெட்ட பழக்கமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. தூரத்தில் தெரியாததாலும் அப்படிப் பிடிக்கலாம். "கரும்பலகையில் எழுதினது தெரியுதா?" என்று ஏசாமல் கேளுங்கள். தெரியவில்லை என்றால் கண்ணைச் சோதிக்க வேண்டும். கண்ணாடி கிடைக்காத பிள்ளையை 'படிப்பில் மந்தம்' என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தொலைபேசியைக் கை நீட்டிப் பிடித்து வாசிப்பது வெள்ளெழுத்தால். இது எல்லோருக்கும் வருவது. அளவான கண்ணாடி போட்டால் தீரும்.

வயலில் நெல்லோலையோ உமியோ கண்ணில் பட்ட பின் சிவப்பும் நோவும் இருந்தால், "இரவு போன் பார்த்ததால்" என்று ஒருபோதும் காத்திருக்க வேண்டாம். அப்படியான காயத்தில் பூஞ்சணம் பிடித்துக் கருவிழி புண்ணாகி, பார்வையே போகலாம். தாய்ப்பாலோ இலைச்சாறோ விடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கிய துளிமருந்தும் கேடு செய்யலாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று பார்வை மங்கினாலும், மின்னல் போலத் தெரிந்தாலும், பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. தொலைபேசிக்கு ஒரு முழத் தூரம். கணனிக்குக் கை நீட்டிய தூரம். தொலைக்காட்சிக்கு ஆறு அடிக்குக் குறையாமல்.

2. படுத்தபடி வாசிக்காமல், இருந்து, திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வாசியுங்கள்.

3. ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு மரத்தை 20 விநாடி பாருங்கள். பத்துத் தடவை நன்றாக இமையுங்கள்.

4. திரைக்கு நேர் பின்னாலோ எதிரிலோ விளக்கு வேண்டாம். பக்கத்தில் இருக்கட்டும்.

5. ஒரு தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில், ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டு எழுதலாம். மூன்று பேரின் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கூடிப் பேசுவோம்

எமது ஊரில் கரும்பலகை தெரியாமல் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் உண்டா? அவர்களைச் சேர்த்து ஒரே நாளில் கண் சோதனைக்கு அழைத்துச் செல்ல யார் முன்வருவார்கள்? பயணச் செலவை எப்படிப் பகிரலாம்? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலேயே இதனைப் பேசி ஒரு முடிவுக்கு வருவோம். எத்தனையோ உடைமைகளை வழியில் விட்டுவிட்டு வந்தோம். பிள்ளைகளின் பார்வையையாவது கவனமாகக் காப்போம்.