நாலு ஆட்டம் வேண்டாம், ஒன்று போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வடக்கே ஆட்டம் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறாய் என்று உன் அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னாள். பெண்பிள்ளை தனியாகப் போவதா என்பது அவள் கவலை. எனக்கு அது இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்துக் கடைசி லோக்கலைப் பிடித்து வீடு சேர்ந்து பழகியவள் நீ. என் கவலையெல்லாம் நீ அனுப்பிய பட்டியல்தான்.

புவனேஸ்வரத்தில் ஒடிசி, புருலியாவில் முகமூடி சௌ, ராஞ்சியில் கரம், குவாஹாட்டியில் பிஹு. முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்தாயா? பிஹு சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. கரம் ஆவணி, புரட்டாசி வாக்கில், கரம் மரத்தின் கிளையை நட்டு அதைச் சுற்றி இரவெல்லாம் ஆடுவது. இரண்டும் ஒரே மாதத்தில் எப்படிக் கிடைக்கும்? ஏதாவது ஒரு ஹாலில் டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள், நீயும் பின்னால் நின்று நாலு அடி போட்டு வீடியோ எடுத்துக்கொள்வாய். பந்தியில் உட்கார்ந்து எல்லாப் பதார்த்தத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தவனைப் போல ஆகிவிடும். ஒடிசியோ, சௌக நிலையில் ஒழுங்காக நிற்கவே மாதக்கணக்கில் பிடிக்கும் ஆட்டம்.

ஒன்றை எடு. என்னைக் கேட்டால் மயூர்பஞ்ச் சௌ.

சௌ மூன்று வகை. ஜார்க்கண்டின் சராய்கேலாவிலும் வங்காளத்தின் புருலியாவிலும் முகமூடி போட்டு ஆடுவார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது. மூன்றையும் சேர்த்து 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது. நான் மயூர்பஞ்சைச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பட்டியல் இல்லை. அந்த ஆட்டத்தில் டோப்கா, உஃப்லி என்று இரண்டு உண்டு. டோப்கா என்பது நடை. உஃப்லி என்பது அன்றாட வேலையிலிருந்து பிறந்த அசைவு. 36 என்று கணக்குச் சொல்வார்கள். சாணி கரைப்பது, வாசல் தெளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, நெல் குத்துவது, நெற்றியில் குங்குமம் வைப்பது, எல்லாம் பெண்கள் வீட்டில் செய்கிற வேலை. அவற்றைக் கையால் காட்டுவதில்லை. பெரும்பாலும் ஒரு காலில் நின்றுகொண்டு, தூக்கிய காலால் காட்டுகிறார்கள். கால் வளைந்து வந்து சாணியைக் கரைக்கிறது, விசிறித் தெளிக்கிறது. இத்தனையும் நெடுங்காலம் ஆண்களே ஆடிய ஆட்டம் என்பதுதான் வேடிக்கை. இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். மார்கழியில் வாசல் தெளித்து வளர்ந்த உனக்கு அந்த அசைவு பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். செய்ய வருமா என்பது வேறு கதை, தொடை சொல்லும்.

தூக்கிய கால் என்றதும் திருவாலங்காடு நினைவுக்கு வருகிறது. அரக்கோணம் போகும் வண்டியில் எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்பாய், இறங்கியிருக்க மாட்டாய். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தினசபை அங்கேதான். காளியோடு போட்டி போட்டு ஆடியபோது கீழே விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டிக் காலை உயரத் தூக்கினார் சிவன். காளி கூச்சப்பட்டுத் தோற்றாள் என்கிறது புராணம். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

இன்னொன்று. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊரில் ஒரு ராத்திரி முழுக்கக் கூத்துப் பார். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். முகவீணை ஊதுகிறவர் பக்கத்தில் உட்கார். சௌவில் மகுரி என்று ஒரு குழல் உண்டு, அதுவும் சீவாளி வைத்து ஊதுவது. காதுக்கு அந்நியமாக இருக்காது. போன இடத்தில் உன் ஊரில் என்ன ஆடுவீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடிக் காட்டிவிட்டு வராதே. கூத்தில் நாலு அடவாவது காலில் இருக்கட்டும்.

அதற்கும் முன்னால், உன் லைனிலேயே ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்டிருக்கிறாயா? எந்த ஜில்லா, அவர்கள் ஊரில் சௌ ஆடும் சைத்ர பர்வத் திருவிழா எப்படி நடக்கும், வீட்டில் யாராவது ஆடுவார்களா என்று. நாம் அவர்களை ‘வடக்கத்திப் பசங்க’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மூன்றும் மூன்று ஊர், மூன்று தாளம். கேண்டீனில் பத்து நிமிஷம் பேசினால் கிடைக்கிற விலாசம் கூகுளில் கிடைக்காது.

ஊர் விட்டு ஊர் வந்து ஆட்டம் கற்றவர்கள் நம் மெட்ராஸிலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்த எஸ்தர் ஷெர்மன், ராகினி தேவி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் உட்கார்ந்து கற்றார். பிறகு கேரள கலாமண்டலத்துக்குப் போய்க் கதகளி. பல ஆட்டங்களைப் பற்றி அவர் புத்தகம் எழுதியது 1972-இல், வாழ்நாள் உழைப்புக்குப் பிறகு. மகள் இந்திராணி ரஹ்மான் ஒடிசியை உலக மேடைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். ராகினி தேவி பல ஆட்டம் அறிந்தவர்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுகளைக் கொடுத்தார்.

சொல்லிக்கொடுப்பவரிடம் பணத்தை முதல் நாளே பேசிவிடு, பேரம் பேசாதே. பூசையோடு சேர்ந்த ஆட்டமானால் கூப்பிட்டால் மட்டும் போ. வட்டமாக ஆடினால் வரிசையின் கடைசியில் நின்று முன்னால் இருப்பவர் காலைப் பார். போனை வெளியே எடுப்பதற்கு முன் கேள். முட்டி வலித்தால் வீரம் காட்டாமல் உட்கார்ந்துவிடு.

சைத்ர பர்வம் நம் வருஷப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுவில். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது. சென்ட்ரலுக்குத் திரும்பிப் போய்த்தான் ஏற வேண்டும். பாலேஸ்வரில் இறங்கினால் மயூர்பஞ்சின் பாரிபதாவுக்குப் பஸ், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அந்த வண்டியில் கடைசி நேரத்தில் பெர்த் கிடைக்காது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா