அத்திரம்பாக்கத்துக் கற்கள் சொல்வதும் சொல்லாததும்

எங்கள் அத்திப்பட்டுப் பக்கம் வரும் கொசஸ்தலையாறு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இதே ஆற்றின் மேற்பகுதியில், பூண்டி வட்டாரத்தில், துணையோடை ஒன்றின் கரையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பிடித்த ஊர். அங்கும் பக்கத்திலுள்ள குடியம் குகைகளுக்கும் வழிகாட்டியோடு ஒரு வேனில் போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் காதில் விழுந்த சில பேச்சுகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க தமிழன் இருந்திருக்கான்." வேனில் மூன்று பேராவது இதைச் சொன்னார்கள். நம்மைப் போன்ற மனித இனம் பூமியில் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கு வெகு முன்னால் வாழ்ந்த வேறொரு மனித இனத்தவர். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் நடத்திய அகழாய்வில் எருமை, குதிரை வகை விலங்குகளின் பற்கள் கிடைத்தன. கருவி செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை. அவர்கள் பேசினார்களா, என்ன பேசினார்கள் என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழின் தொன்மைக்குச் சான்று கல்வெட்டுகளில் இருக்கிறது. அதை இந்தக் கற்களின் மேல் ஏற்றினால் இரண்டுக்கும் நாம் அநியாயம் செய்கிறோம்.

அடுத்தது, அந்த 15 லட்சத்தைப் பற்றி, "அந்தக் கணக்கே குத்துமதிப்புதான்" என்ற பேச்சு. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தரைமேல் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்ஸ் மீது விண்வெளிக் கதிர்கள் படும்போது பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு கதிரியக்க அணுவகைகள் மிகச் சிறு அளவில் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது. சேர்ந்தது சிதையத் தொடங்கும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஊதுவத்தியையும் கொசுவத்தியையும் ஒரே நேரத்தில் கொளுத்தி வைத்தால், எது எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எப்போது கொளுத்தியது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்குதான். கருவிகளிலேயே இதை அளந்தார்கள். அவை புதைந்திருந்த களிமண், பூமியின் காந்தமுனைகள் தலைகீழாக இருந்த காலத்தைச் சேர்ந்தது என்பதையும் தனியாகச் சோதித்தார்கள். குறைந்தது 10.7 லட்சம், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்ற முடிவு 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மேலடுக்குகளில் கிடைத்த, வேறு உத்தியில் செய்த சிறு கருவிகளுக்கு ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டு வயது என்று 2018-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது.

குடியம் குகைக்குள் நின்றபோது, மனிதர்கள் குடைந்தது என்றார் ஒருவர். எரிமலைக் குழம்பு உறைந்தது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஆறுகள் அடித்து வந்த கூழாங்கற்கள் மணலோடு இறுகி உருவான பாறை அது. அந்தப் பாறையை மழையும் வெயிலும் அரித்த இடம்தான் குகை. சுவரில் பதிந்திருக்கும் கூழாங்கற்களைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் குவார்ட்சைட் கல்லில்தான் கைக்கோடரிகளைச் செய்தார்கள். 1960-களில் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கருவிகள் குறைவாகவே கிடைத்தன. அதனால் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடு என்று சொல்வதைவிட, வந்து தங்கிப் போன நிழல் என்று சொல்வதே பொருத்தம்.

அஜர்பைஜானின் கோபுஸ்தானில் பாறைச் செதுக்கல்களும் சேற்று எரிமலைகளும் அருகருகே இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு இங்கும் இரண்டையும் தேடுபவர்கள் உண்டு. செதுக்கல் பார்க்க ஆசைப்பட்டால் திண்டிவனம் பக்கம் பெருமுக்கல் போகலாம். சேற்று எரிமலைக்கு அந்தமானின் பாராடாங் தீவு. அங்கே வாயு கீழிருந்து தள்ளத் தள்ளச் சேறு கொப்பளிக்கும். நெருப்புக் குழம்பு வராது. நெருப்பைக் கக்குவது அதே கடலிலுள்ள பாரன் தீவு. குடியம் சுவரில் அப்படித் தேடினால் கண்ணில் படுவது பெயின்ட்டில் எழுதிய பெயர்கள்தான்; அவை எல்லாம் நம் காலத்தவர் எழுதியவை. அவற்றைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

"ஓடையில சும்மாதானே கிடக்கு, ஒண்ணு எடுத்துக்கலாம்" என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கேடு தருவது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியைக் கண்டார்; அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அவர் சேர்த்த கற்களைப் பின்னர் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அழகான கற்கள். ஆனால் மண் அடுக்கைவிட்டு வந்துவிட்ட கல்லின் வயதை அதன் வடிவத்தை மட்டும் பார்த்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. 1999-க்குப் பிறகு, எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் என்று அளந்து குறித்து எடுத்தார்கள். அதனால்தான் 15 லட்சம் என்ற எண்ணே நமக்குக் கிடைத்தது. கைக்கோடரியை நெருக்கத்தில் பார்க்கப் பூண்டியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடையில் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும். வேன் கிளம்புமுன் பிள்ளைகளின் பைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.