லாரி கேபினுக்கு வீட்டிலேயே ஃபைபர் கிளாஸ் பெட்டி

எங்கப்பா லாரி டிரைவர். எங்க குடும்பத்தில் டிப்ளமோ வரைக்கும் வந்தவன் நான்தான். அப்பாவின் கேபினுக்கு நானும் அண்ணனும் வாசலில் செய்த சாமான் பெட்டியை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

முதலில் மோல்டு. பிளைவுட்டில் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் காய்ந்ததும் மெழுகு பாலிஷ் போடணும். அப்போதுதான் பெட்டி கழன்று வரும். தெர்மாகோல் கூடாது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்.

அடுத்தது கணக்கு. 450 கிராம் மேட் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. மேட்டைப் போல் சுமார் இரண்டரை மடங்கு ரெசின் தேவை. எங்கள் பெட்டி அரை சதுர மீட்டர், மூன்று அடுக்கு. ஆக மேட் 675 கிராம், ரெசின் சுமார் 1.7 கிலோ. கனம் ஏறக்குறைய 3 மி.மீ. வரும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்! கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகே, கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் சேர்க்கணும். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை கட்டாயம். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

அப்பா தூங்குவதும் அந்தக் கேபினில்தான். அதனால் பெட்டி நன்றாக இறுகி, வாடை அறவே போன பிறகே மாட்டினோம்.

பட்டறையில் "இதுக்கப்புறம் அது" என்று வரிசையைச் சொல்லித் தருவார்கள். ஏன் அந்த வரிசை என்பதை நம் வீட்டாருக்கு நாம்தான் சொல்லணும், நண்பர்களே!