பாடவேளையும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்

எட்டாம் வகுப்பில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "இது பரீட்சைக்கு வருமா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நாம் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்விதான். இந்தப் பாடத்திற்குப் பள்ளியில் உண்மையில் என்ன இடம் இருக்கிறது என்பதும் அதில் அடங்கியுள்ளது. அந்த இடத்தைத் தரவேண்டியது அரசு. அரசின் ஆதரவு எந்த வடிவில் வந்தால் பாடம் நிலைக்கும் என்பதற்கு இத்தாலியின் அனுபவம் நல்ல சான்று.

2019 நவம்பரில் இத்தாலியின் கல்வி அமைச்சர் லொரென்சோ ஃபியோரமொன்டி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அடுத்த கல்வியாண்டு முதல் பள்ளிகளில் ஆண்டுக்கு 33 மணி நேரம், அதாவது வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், காலநிலை மாற்றம் கட்டாயமாகக் கற்பிக்கப்படும் என்றார். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கூடுதலாக 300 கோடி யூரோ ஒதுக்காவிட்டால் பதவி விலகுவேன் என்றும் கூறியிருந்தார். கேட்ட தொகை கிடைக்கவில்லை. டிசம்பர் இறுதியில் விலகினார்.

அமைச்சர் விலகியும் பாடம் நின்றுவிடவில்லை. அறிவிப்புக்கு முன்பே, 2019 ஆகஸ்டில், குடிமைக் கல்விக்கான 92-ஆம் எண் சட்டம் நிறைவேறியிருந்தது. அரசியலமைப்பு, நீடித்த வளர்ச்சி, எண்ணியல் குடிமை ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். ஆண்டுக்கு 33 மணி நேரம், அதற்கெனத் தனி மதிப்பீடு என்று சட்டமே வரையறுத்ததால் 2020 செப்டம்பரில் பாடம் தொடங்கியது.

குறையும் உண்டு. அந்த 33 மணி நேரம் கூடுதலாகத் தரப்படவில்லை; ஏற்கெனவே உள்ள பாடவேளைகளிலிருந்தே எடுக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்கு ஆண்டுக்கு 40 லட்சம் யூரோ மட்டுமே ஒதுக்கப்பட்டது. சுமையின் பெரும்பகுதி ஆசிரியர்கள்மீதே விழுந்தது.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் கல்விக்கு வழி திறந்தது நீதிமன்றம். எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளிகளுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி. தயாரிக்க வேண்டும் என 2003-இல் ஆணையிட்டது. இன்று நம் பாடநூல்களில் பாடம் இருக்கிறது. ஆனால், வெள்ளத்தையும் புயலையும் நேரில் கண்ட பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரமும் பயிற்சியும் போதுமா என்பதை நாம்தான் சொல்ல முடியும்.

வகுப்பறைச் செயல்பாடு (9, 10-ஆம் வகுப்பு):

1. மாணவர்களைக் கல்வி அமைச்சர், நிதி அமைச்சர், ஆசிரியர், பெற்றோர், மாணவர் என ஐந்து குழுக்களாகப் பிரிக்கவும்.
2. "வாரம் ஒரு பாடவேளையை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது? செலவை எங்கிருந்து ஈடுகட்டுவது?" என விவாதிக்கச் செய்யவும்.
3. முடிவை ஐந்து வரிச் சட்ட முன்வரைவாக எழுதச் செய்யவும்.

குடிமையியலும் அறிவியலும் இதில் இணைந்துவிடும். மாணவர்கள் எழுதிய முன்வரைவுகளை அடுத்த குறுவள மையக் கூட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். நமக்கு எத்தனை பாடவேளை, என்ன பயிற்சி தேவை என்பதையும் அங்கே எழுத்தில் கொடுப்போம். நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?