கசப்பு காட்டும் வம்சாவளி

நம்பிக்கை: ஆரஞ்சு, எலுமிச்சை, பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் எல்லாம் ஆதியிலிருந்தே தனித்தனி இனங்கள்.

உண்மை: தாவரவியலாளர்களே இதில் திண்டாடினார்கள். ஜப்பானின் தனாக்கா இந்தப் பழங்களின் பேரினமான சிட்ரஸில் 150-க்கும் மேற்பட்ட இனங்களை அடுக்கினார். அமெரிக்காவின் ஸ்விங்கிள் 16-உடன் நிறுத்திக்கொண்டார். இலையையும் காயையும் மட்டும் பார்த்து இனம் பிரித்தால் இந்தக் கதிதான். 1975-இல் ரெய்னர் ஸ்கோரா என்ற ஆய்வாளர், நாம் உண்பவற்றுக்கு மூல இனங்கள் சிட்ரான், பம்பளிமாஸ், மாண்டரின் (நம் கமலா ஆரஞ்சு இந்த வகைதான்) ஆகிய மூன்றே என்றார். மற்றவை பெரும்பாலும் கலப்பில் பிறந்தவை. கிரேப்ஃப்ரூட்டுக்கு வயது சில நூறு ஆண்டுகளே. கரீபியத் தீவான பார்படோஸில் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து உருவானது அது.

நம்பிக்கை: கசந்தால், பழம் சரியாகப் பழுக்கவில்லை என்று பொருள்.

உண்மை: பழுக்கப் பழுக்கக் கசப்பு குறையும் என்பது சரி. ஆனால் பம்பளிமாஸின் கசப்பு பரம்பரைச் சொத்து. அதற்குக் காரணமான நரிஞ்சின் என்ற பொருளில் ரம்னோஸ், குளுக்கோஸ் என இரண்டு சர்க்கரைகள் உண்டு. ரம்னோஸ் போய் குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் ஒட்டினால் கசக்கும். ஆறாவது கார்பனில் ஒட்டினால் நாக்குக்கு ஒன்றுமே தெரியாது. 1960-களில் கலிபோர்னியாவில் ஹோரோவிட்ஸ், ஜென்டிலி என்ற வேதியியலாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள்.  பம்பளிமாஸ் கசக்கும் முதல் வகையைச் செய்கிறது, மாண்டரின் இரண்டாவதை. கிரேப்ஃப்ரூட்டில் இரண்டும் இருக்கின்றன. தாய் தகப்பனைத் தேட இதைவிட நல்ல துப்பு வேண்டுமா?

நம்பிக்கை: ஒரே மணம் என்றால் ஒரே குடும்பம்.

உண்மை: எலுமிச்சைக்கு மணம் தரும் சிட்ரால்தான் எலுமிச்சைப்புல்லிலும் மணக்கிறது, ஆனால் அது வெறும் புல். மணம் ஒத்துப்போகாத வில்வமும் கறிவேப்பிலையும்தான் எலுமிச்சையின் சொந்தக்காரர்கள். அதனால் ஒற்றைப் பொருளை வைத்து உறவு சொல்வது ஆபத்து. தோல் எண்ணெய், ஃபிளேவனாய்டு, லிமனாய்டு போன்ற வேதிப்பொருள்கள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். கலமாண்டின் என்ற சிறுபழத்தில் இருக்கும் கலமின் வகை லிமனாய்டுகள் கும்குவாட் என்ற இன்னொரு சிறுபழத்திலும் கிடைத்தன. கலமாண்டினின் பெற்றோரில் ஒருவர் கும்குவாட் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

நம்பிக்கை: வேதியியலே கடைசித் தீர்ப்பு.

உண்மை: இல்லை. சாத்துக்குடி வகைகள் அடங்கிய இனிப்பு ஆரஞ்சில் நரிஞ்சின் கிடையாது. அதை மட்டும் நம்பியிருந்தால், அதன் உடம்பில் ஓடும் பம்பளிமாஸ் ரத்தம் தெரியாமலே போயிருக்கும். மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். கசப்பைத் தரும் மரபணு மட்டும் செயல்படும் நிலையில் இந்த வாரிசுக்கு வந்து சேரவில்லை.

கூடவே ஒன்று. சில மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் கூடாது என்பார்கள். காரணமான ஃபியூரனோகூமரின்கள் அதற்குப் பம்பளிமாஸ் வழி வந்தவை. ஆகவே அந்த எச்சரிக்கை பம்பளிமாஸுக்கும் சேர்த்துத்தான்.